கேசட்டின் கரகரப்பு, தட்டின் கரகரப்பு: ‘எர்த்பவுண்ட்’ எல்.பி.யைக் கணினிக்கு மாற்றிய பதிவு

கிங் கிரிம்சன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘எர்த்பவுண்ட்’ எல்.பி. இசைத்தட்டு ஒருவழியாகக் கணினிக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 46 நிமிடம். ஹம் (மின்சார ரீங்காரம்) இல்லை, நெடுஞ்சாலை லாரிகளின் அதிர்வு இல்லை, கடைசிப் பள்ளம்வரை முள் தடுமாறவில்லை. கரகரப்பு மட்டும் இருக்கிறது. அது இருந்தே ஆக வேண்டும். 1972-ல் இந்த ஆல்பம் வெளிவந்ததே அந்தக் கரகரப்போடுதான்.

பழைய தட்டை மாற்றும்போது இரைச்சல் என்று காதில் பட்டதையெல்லாம் மென்பொருளில் துடைத்துவிடுவது பலருக்கும் வழக்கம். இந்தத் தட்டில் அப்படித் துடைத்தால் கச்சேரியே போய்விடும். அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில், 1972 பிப்ரவரி, மார்ச் மாதங்களில், மேடை மிக்சரிலிருந்து நேராக ஆம்பெக்ஸ் ஸ்டீரியோ கேசட் ரெக்கார்டருக்கு ஒயர் போட்டுப் பிடித்த பதிவு இது. ஸ்டுடியோ டேப் விநாடிக்கு 38 செ.மீ. ஓடும், கேசட் 4.76 செ.மீ.தான் ஓடும். ராபர்ட் ஃபிரிப்பின் கிட்டாரும், மெல் காலின்ஸின் சாக்சபோனும், போஸ் பரலின் பேஸும் குரலும், இயன் வாலஸின் டிரம்ஸும் அந்த ஒடுங்கின நாடாவுக்குள் நெருக்கியடித்து இறங்கியிருக்கின்றன. மழையில், ஃபோக்ஸ்வேகன் வண்டியின் பின்புறத்திலிருந்து பிடித்ததாக உறைக் குறிப்பே சொல்கிறது. ஒலித்தரம் போதாது என்று அமெரிக்காவில் அட்லாண்டிக் நிறுவனம் வெளியிடவில்லை; பிரிட்டனில் ஐலண்ட் நிறுவனம் மலிவு விலை வரிசையில், ஹெல்ப் 6 என்ற எண்ணில் கொண்டுவந்தது. ராக் கச்சேரிப் பதிவுகளில் இவ்வளவு நெருக்கத்தில், இவ்வளவு சூட்டோடு மேடையைக் காட்டுபவை மிகக் குறைவு. கரகரப்பைத் துடைத்தால் அந்தச் சூடும் சேர்ந்து போகும்.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: காதில் விழும் ஒவ்வொரு கெட்ட சத்தமும் எங்கிருந்து வருகிறது? மேடையிலிருந்தா, கேசட்டிலிருந்தா, தட்டின் தேய்மானத்திலிருந்தா, முள்ளிலிருந்தா, கிருஷ்ணகிரி மின்சாரத்திலிருந்தா? முதல் இரண்டையும் தொடக்கூடாது. மற்றவற்றைத் தீர்க்க வேண்டும், முடிந்தவரை மென்பொருளுக்குப் போவதற்கு முன்பே.

கழுவுதல்

தட்டு பெங்களூரில் வாங்கிய பழைய பிரிட்டிஷ் அச்சு. மேலோட்டமான கீறல்கள், பள்ளம் முழுக்கத் தூசு. நம் பக்கத்துத் தூசைச் சாதாரணத் தூசாக நினைக்கக்கூடாது. பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. காற்றில் வரும் பொடியில் குவார்ட்ஸ் கலந்திருக்கும். கடினத்தில் அது மோஸ் அளவுகோலில் 7. தட்டு வெறும் பிளாஸ்டிக். உலர்ந்த பிரஷை வைத்து இழுத்தால் அந்தப் பொடியே பள்ளத்தின் சுவரைக் கீறிவிடும். ஆகவே உலர் பிரஷ் வேண்டாம், நனைத்துத்தான் தொடங்க வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பது அடுத்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பது தெரிந்த கதை. தட்டைக் கெடுப்பது அதே தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் மற்ற உப்புகளும். காய்ந்ததும் பள்ளத்துக்குள் வெள்ளையாகப் படிந்துவிடும். அப்புறம் கழுவினாலும் போகாது. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, தட்டுக்கு ஆகாது. ஆர்.ஓ. தண்ணீரிலும் டி.டி.எஸ். மீட்டர் (கரைந்த உப்பை அளப்பது) வைத்தால் 40, 60 என்று காட்டும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. ஆனால் எல்லாக் கேனும் ஒன்றல்ல. மீட்டரைக் கையோடு கொண்டுபோய், 5-க்குக் கீழே காட்டும் கேனை மட்டும் எடுப்பது நல்லது.

கலவை: டிஸ்டில்டு வாட்டர் 800 மி.லி., ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 200 மி.லி., வாசனையும் நிறமும் இல்லாத பாத்திரம் துலக்கும் திரவம் 2 அல்லது 3 சொட்டு. ஆல்கஹால் மொபைல் ரிப்பேர் கடைகளுக்குச் சாமான் விற்கும் இடத்தில் கிடைக்கும். சானிடைசர் கூடாது, அதிலிருக்கும் கிளிசரின் பள்ளத்தில் பசையாக நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: வீட்டில் பழைய 78 ஆர்.பி.எம். தட்டுகள் இருந்தால் இந்தக் கலவையை அவற்றின் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். அவை அரக்குத் தட்டுகள். ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும், பாட்டு அத்தோடு போய்விடும்.

லேபிள் நனையாமலிருக்க அதே அளவு பிளாஸ்டிக் மூடி ஒன்றை அழுத்தி வைத்து, மென்மையான ஆட்டுமுடிப் பெயிண்ட் பிரஷால் கலவையை ஊற்றிப் பரப்பி, 2 நிமிடம் ஊறவிட்டு, பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்க்கக்கூடாது. பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, மறுபடி ஒற்ற வேண்டும். இந்த இரண்டாம் அலசலை விட்டால் சோப்பு முள் நுனியில் பஞ்சாகத் திரளும். பத்து நிமிடம் ஓடியதும் உயர்சுருதி மங்குவதே அதற்கு அடையாளம். உலர வைக்க, தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தும் பாத்திர ஸ்டாண்ட் போதும். ஃபேன் போட்டால் தூசு திரும்ப வந்து உட்காரும், நிறுத்திவிடவும்.

தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைத் தட்டு முழுக்கப் பூசி, காய்ந்தபின் தோலாக உரிக்கும் முறையை ஒரு வேண்டாத தட்டில் பார்த்தோம். தடிப்பாகப் பூசிய இடத்தில் அழகாக உரிந்தது. மெல்லியதாகப் போன ஓரத்தில் கிழிந்து துணுக்குகள் பள்ளத்திலேயே நின்றுவிட்டன. இந்தத் தட்டுக்கு அந்த ஆபத்து தேவையில்லை என்று விட்டுவிட்டோம்.

கல்லும் டியூபும்

கிருஷ்ணகிரியில் சேலம்–பெங்களூர் சாலையும் சென்னை–பெங்களூர் சாலையும் சேர்கின்றன. இரவு முழுக்கச் சரக்கு லாரி. காதுக்குக் கேட்காவிட்டாலும் தரை வழியாக வரும் அதிர்வு முள்ளுக்குத் தெரியும். பார்க்கும் முறை எளிது: மோட்டாரை அணைத்து, நிற்கும் தட்டின் மேல் முள்ளை இறக்கி, வழக்கமான ஒலியளவிலேயே ஐந்து நிமிடம் பதிவு செய்து, 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஓசை என்று காட்டும் வரைபடத்தில்) பார்க்கவும். லாரி போகும் நேரமெல்லாம் 10 முதல் 25 ஹெர்ட்ஸுக்குள் மேடு எழும்பும்.

கல் கிடைக்காத ஊர்க்காரர்கள் பொறாமைப்படலாம்: இங்கே கிரானைட் பட்டறைகளில் வெட்டுத் துண்டுகள் குவிந்து கிடக்கும். 45 செ.மீ. × 40 செ.மீ., 30 மி.மீ. தடிப்புள்ள சாம்பல் நிறத் துண்டு ஒன்று எடுத்தோம். எடை 14 கிலோவுக்கு மேல். சமையல் மேடைக்குப் போடும் 18–20 மி.மீ. பலகையும் ஆகும், ஆனால் தட்டினால் மணி போல் ஒலிக்கும். ஒரு பக்கம் பாலிஷ், மறுபக்கம் சொரசொரப்பு இருக்கிற துண்டாகக் கேட்டு, ஓரங்களை மழுக்கித் தரச் சொல்லவும்.

கல்லை நேராக மர மேசை மேல் வைத்து, அதன் மேல் டர்ன்டேபிளை (தட்டைச் சுழற்றும் கருவியை) வைத்ததில் பக்கத்தில் நடக்கும் காலடிச் சத்தம் குறைந்தது. லாரி அதிர்வு குறையவில்லை. கனம் மட்டும் இருந்தால் தாழ்ந்த அதிர்வு தடைபடாது, கல்லும் மேசையும் ஒன்றாகவே ஆடும். கல்லுக்கு அடியில் நாலு மூலையிலும் ஹவாய் செருப்பு ரப்பரை வெட்டி வைத்துப் பார்த்தோம். 20 கிலோ எடைக்கு அது நசுங்கிக் கட்டையாகிவிட்டது, பலன் இல்லை.

பலன் தந்தது ஸ்கூட்டர் டியூப். பத்து அங்குல வீல் டியூபைப் பஞ்சர் கடையில் வாங்கி, 19 மி.மீ. பிளைவுட் பலகை மேல் படுக்க வைத்து, கல்லின் சொரசொரப்புப் பக்கம் கீழே இருக்கும்படி மேலே வைத்தோம். காற்று மிகக் கொஞ்சம்தான்: கல் பலகையில் படாமல் 25 மி.மீ. தூக்கி நின்றால் போதும். நன்றாக அடைத்தால் டியூப் விறைத்துப்போய் மறுபடி அதிர்வைக் கடத்தும். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆடுகிறதே என்று காற்றை ஏற்றிவிடுகிறார்கள். விரலால் தொட்டால் கல் மெதுவாக மிதந்து ஆட வேண்டும். வால்வு வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கட்டும், காற்றைச் சரிசெய்யக் கல்லைத் தூக்க வேண்டியிருக்காது. கொத்தனார் ரசமட்டத்தைத் தட்டின் மேலேயே வைத்து, டர்ன்டேபிளைக் கல்லின் மேல் அங்குமிங்கும் நகர்த்தி மட்டம் பிடிக்கவும். டியூப் நாளடைவில் காற்று இறங்கும். ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் மட்டம் பார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகு எடுத்த நிற்கும் தட்டுச் சோதனையில் லாரி மேடு இருந்த இடம் தெரியவில்லை. முள்ளைத் தாங்கும் கை, அதாவது டோன் ஆர்ம், தானாகவே ஆடும் 9, 10 ஹெர்ட்ஸ் பக்கத்து மேடு மட்டும் நின்றது. அதைப் பதிவுக்குப் பிறகு 20 ஹெர்ட்ஸ் வடிகட்டி பார்த்துக்கொள்ளும்.

ஹம்

முள்ளின் மெல்லிய சைகையைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் அதை 40 டெசிபெல் பெருக்குகிறது. முள்ளிலிருந்து வருவது 4 மில்லிவோல்ட். வீட்டு மின்சாரத்தின் நிழல் பட்டாலே ஹம் கேட்கும்.

டர்ன்டேபிளின் எர்த் ஒயரை ப்ரீஆம்பின் திருகில் கட்டியும் 50 ஹெர்ட்ஸ் போகவில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் பாதி போயிற்று. சார்ஜரின் மூன்றாம் பின் வழியாகவும் ப்ரீஆம்ப் அடாப்டர் வழியாகவும் எர்த் சுற்றுகிறது. பதிவு முடியும்வரை லேப்டாப் பேட்டரியில் ஓடினால் அது தீர்ந்தது. மீதிப் பாதி வீட்டு எர்த். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்டில் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்த்தால் 2 வோல்டுக்குள் இருக்க வேண்டும். இங்கே 9 காட்டியது. பாறை மண், கோடையில் எர்த் குழி எலும்பாகக் காய்ந்துவிடும். குழியைச் சுற்றி அடுப்புக்கரியும் உப்பும் அடுக்காகப் போட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகு 2-க்குக் கீழே வந்தது. இது தட்டுக்காக மட்டும் செய்கிற வேலையல்ல, வீட்டில் இருப்பவர்களின் பாதுகாப்புக்கும் வேண்டியது. மின்பலகைப் பக்கம் கை வைக்க வேண்டியிருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவும்.

மூன்றாவது, ஃபேன் ரெகுலேட்டர். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் நடு வேகத்தில் இருந்தால் 100 ஹெர்ட்ஸில் சொரசொரவென்ற ரீங்காரம் வரும். முழு வேகத்திலோ அணைத்தோ இருந்தால் வராது. பக்கத்துத் தோட்டத்து போர் மோட்டார் ஏறும் நொடியில் ஒரு சொடுக்கு விழும். அதற்கு நேரம் பார்ப்பது தவிர வழியில்லை. மின்வெட்டு வந்தால் இன்வெர்ட்டரில் தொடர வேண்டாம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் ரீங்காரம் பதிவில் படிந்தால் எடுக்கவே முடியாது.

இந்த ஆல்பத்தில் ஹம் பற்றி ஒரு வசதி உண்டு. கச்சேரிகள் நடந்தது அமெரிக்காவில். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நமக்கு 50. ஆகவே ஸ்பெக்ட்ரத்தில் 60, 120-ல் கோடு நின்றால் அது மேடையிலிருந்து வந்தது, தொடக்கூடாது. 50, 100-ல் நின்றால் பெரும்பாலும் நம் வீட்டுடையது. பிரிட்டனிலும் 50-தான், தட்டு வெட்டிய இடத்திலிருந்தும் வரலாம். அதைப் பிரித்தறிய முள்ளைத் தூக்கிவிட்டுப் பார்க்கவும். தூக்கியும் நின்றால் நம்முடையதேதான். இந்தச் சோதனையைப் பாட்டு ஓடும் இடத்தில் செய்யக்கூடாது. பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ், பி சுரம் கிட்டத்தட்ட 62 ஹெர்ட்ஸ். இரண்டும் ஹம் போலவே கோடு காட்டி ஏமாற்றும். கூட்டம் கத்தும் இடைவெளியில் பார்க்கவும். அடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ப்ளாட் ஸ்பெக்ட்ரம் அளவை 65536-க்கு வைத்தால் 48,000 சாம்பிளில் 0.73 ஹெர்ட்ஸ் துல்லியம் கிடைக்கும். அளவை மிகவும் குறைத்தால் 50-ம் 60-ம் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

முள்

முள் பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜ் ஆடியோ-டெக்னிகா வி.எம். 95 ஈ. முள் தட்டை அழுத்தும் எடை 1.8 முதல் 2.2 கிராம்வரை இருக்கலாம், 2.0 சிபாரிசு. எடை பார்க்க நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 0.01 கிராம் பாக்கெட் தராசு போதும். ஆனால் அதன் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுத்து எடையைக் கூட்டிக் காட்டும். தராசின் மேல் ஒரு பிளாஸ்டிக் துண்டை நீட்டி ஒட்டி, முள்ளை அதன் நுனியில் வைத்து, தட்டு இருக்கும் உயரத்திலேயே அளக்க வேண்டும்.

கோணம் வைக்க அச்சிட்ட தாள் அளவியில் 66.0 மி.மீ., 120.9 மி.மீ. என்ற இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். அச்சிட்டதும் தாளின் அளவை இரும்பு ஸ்கேல் வைத்துச் சரிபார்க்கவும். பிரிண்டர் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று சுருக்கியிருந்தால் எல்லாமே பிசகும். இந்தத் தட்டுக்கு இந்த வேலை மிக முக்கியம். தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் முள்ளுக்கு அடியில் விநாடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது, லேபிள் பக்கத்தில் 21 செ.மீ.தான். அங்கே கொஞ்சம் கோணம் தவறினாலும் சிதைவு வரும். ‘எர்த்பவுண்ட்’ இரண்டாம் பக்கத்தின் உள்வட்டத்தில் இருப்பது ‘க்ரூன்’, 15 நிமிடத்துக்கு மேல் நீளும் வாசிப்பு. அதில் வாலஸின் தனி டிரம்ஸை வி.சி.எஸ். 3 சிந்தசைசருக்குள் செலுத்தி உருக்குலைத்திருக்கிறார்கள். பள்ளம் மிக மோசமாக இருக்கும் இடத்தில் மேடையிலேயே வேண்டுமென்று சிதைத்த ஓசை. எது முள்ளின் பிழை, எது சிந்தசைசர் என்று காதால் மட்டும் சொல்லவே முடியாது.

வேகம் பார்க்க 180 கோடு உள்ள ஸ்ட்ரோப் வட்டம் (மினுக்கும் வெளிச்சத்தில் சுழலும்போது கோடுகள் நின்றதுபோல் தெரிந்தால் வேகம் சரி), நம் 50 ஹெர்ட்ஸுக்கு உரியது. இணையத்தில் கிடைப்பதில் 216 கோடு உள்ளது அமெரிக்க மின்சாரத்துக்கு. அதை வைத்தால் தவறான வேகத்தில் நின்றுவிடும். வெளிச்சத்துக்கு எல்.இ.டி. பல்பு பெரும்பாலும் உதவாது, பழைய நியான் இரவு விளக்கு சரியாக மினுக்கும். மின்தொகுப்பின் அதிர்வெண் 50-லிருந்து மிகக் கொஞ்சமே நகரும், கவலையில்லை. வேகம் ஒரு சதவீதம் பிசகினால் சுருதி 17 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மாறும்.

பதிவு

48,000 சாம்பிள், 24 பிட். உச்சம் −6 டெசிபெல்லைத் தாண்டாமல் வைத்தோம். 96,000 வைக்காததற்குக் காரணம் உண்டு: அடாசிட்டியின் ரிப்பேர் கட்டளை ஒருமுறைக்கு 128 சாம்பிள்தான் சரிசெய்யும். 48,000-ல் அது 2.7 மில்லிவிநாடி, 96,000-ல் பாதியாகிவிடும், அப்போது பெரிய கீறல்கள் அதில் அடங்காது. கேசட்டில் பிடித்த இசையில் உயர்சுருதி எப்படியும் அதிகமில்லை. 24 பிட், 48,000-ல் முழு ஆல்பமும் 790 எம்.பி. பக்கம் வரும், தரம் குறையாத ஃபிளாக் கோப்பாகச் சுருக்கினால் கணிசமாகக் குறையும். சுருக்காத, எதுவும் தொடாத மூலக்கோப்பைத் தனியாக எடுத்து வைக்கவும்.

நேரம் ஞாயிறு முற்பகல். பட்டறைகள் ஓடாது, லாரியும் இரவை விடக் குறைவு.

பிரித்தறிதல்

இதற்கு நான்கு சோதனைகள் பயன்பட்டன, வரிசை முக்கியம்.

முதலில் முள் எடை. சந்தேகமான இடத்தை 1.8 கிராமிலும் 2.2 கிராமிலும் தனித்தனியாகப் பதிவு செய்து ஒப்பிட வேண்டும். எடை கூடினதும் சிதைவு குறைந்தால் முள் பள்ளத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். வலது பக்கம் மட்டும் முதலில் சிதைந்தால் ஆன்டி-ஸ்கேட்டிங் (முள் உட்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் விசை) போதவில்லை. இரண்டு எடையிலும் ஒரே மாதிரி இருந்தால் சிதைவு தட்டிலேயே இருக்கிறது: ஒன்று தேய்மானம், இல்லை பதிவு. ‘க்ரூன்’ கடைசியில் சாக்சபோன் உச்சங்களில் இருந்த பிசிறு 2.1 கிராமில் போயிற்று. டிரம்ஸின் உறுமல் எந்த எடையிலும் இம்மி மாறவில்லை.

இரண்டாவது, இடதிலிருந்து வலதைக் கழிப்பது. ஸ்டீரியோவைப் பிரித்து, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் கலந்தால் நடுவில் இருக்கும் குரலும் பேஸும் பெருமளவு அழிந்துவிடும். பள்ளத்தின் இரண்டு சுவர்களும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஆகவே தேய்மானச் சிதைவு மிஞ்சி நிற்கும். ஐந்து, ஆறு கிராம் எடை போட்டு அழுத்தும் பழைய செராமிக் கார்ட்ரிட்ஜில் ஓடிய தட்டுகளில் இது நன்றாகத் தெரியும். இந்தத் தட்டின் முதல் பாட்டில் குரல் வேண்டுமென்றே சிதைக்கப்பட்டது. கழித்துப் பார்த்தபோது குரலோடு அந்தச் சிதைவும் சேர்ந்தே மறைந்தது. தட்டு தேயவில்லை என்று அப்போதுதான் நிம்மதி.

மூன்றாவது, அலை வடிவம். மிக்சர் மிஞ்சிப்போய் வெட்டுப்பட்ட அலை தட்டில் ஏறி, திரும்பப் படிக்கப்பட்டு வரும்போது அதன் உச்சி தட்டையாக இராது, சாய்ந்திருக்கும். உச்சி நேர்க்கோடாக, ஒரே மட்டத்தில் வெட்டியிருந்தால் அது 1972-ன் வேலையில்லை, ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் நம் இண்டர்ஃபேஸில் அளவு கூடிவிட்டது. திரும்பப் பதிவு செய்ய வேண்டியதுதான். சாய்ந்த உச்சிகளை ‘க்ளிப் ஃபிக்ஸ்’ போட்டு உருண்டையாக்க ஆசை வரும். கூடாது. ஃபிரிப்பின் கிட்டார் அந்த வெட்டில்தான் பற்றி எரிகிறது.

நான்காவது, விடைத்தாள். இந்த ஆல்பம் 2002-ல் சிடியாக வந்தது. அதே இடத்தில் சிடியிலும் அதே சிதைவு கேட்டால் அது பதிவுடையது, விஷயம் முடிந்தது. இதை முதலிலேயே செய்யலாமே என்று தோன்றும். செய்தால் மற்ற மூன்றும் கைக்குப் பழகாது. சிடி கிடைக்காத தட்டு அடுத்து வரும்போது அந்த மூன்றும்தான் கைகொடுக்கும். முறையைப் பழகுவதற்கு இதைவிட நல்ல தட்டு கிடைப்பது அரிது.

இரைச்சலுக்கும் இதே கதை. இசை தொடங்குமுன் ஓடும் வெற்றுப் பள்ளத்தில் கேட்பது தட்டின் இரைச்சல். கூட்டத்தின் சத்தம் ஏறியதும் ‘ஸ்ஸ்’ என்று கூடவே எழுவது கேசட்டுடையது. இரண்டும் அலையிலேயே படி வைத்ததுபோல் தெரிகிறது. வெற்றுப் பள்ளத்தை மாதிரியாகக் கொடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுப் பார்த்தால் சிம்பல் ஓசை தண்ணீருக்குள் முங்கியதாகக் கேட்டது. ரத்து செய்துவிட்டோம். இரைச்சல் குறைப்பு இந்த ஆல்பத்துக்கு எந்த அளவிலும் வேண்டாம் என்பதே தீர்மானம்.

மிஞ்சியது கீறல் சொடுக்குகள். தானியங்கிக் க்ளிக் ரிமூவலை அதன் இயல்பு அளவில் விட்டால் வாலஸின் ஸ்னேர் அடிகளின் முனை மழுங்குகிறது. கையால்தான் செய்ய வேண்டும். நேரத்தோடு அதிர்வெண்களைக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வையில், கேசட் இசை பெரும்பாலும் 12,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மெலிந்துவிடும்; கீறல் 20,000 தாண்டி நேர்க்கோடாக ஏறும். டிரம்ஸ் நடுவே அதுவும் குழப்பினால், நேர இடைவெளி பார்க்கவும். நிமிடத்துக்கு 33⅓ சுழற்சியில் ஒரு சுற்று 1.8 விநாடி. அச்சாக 1.8 விநாடிக்கு ஒருமுறை வரும் கோடு கீறல்தான். எந்த டிரம்மரும் அந்தத் துல்லியத்தில் அடிக்க மாட்டார். அவற்றை மட்டும் பெரிதாக்கி, 128 சாம்பிளுக்குள் தேர்ந்து, ரிப்பேர் கொடுத்தோம். தனிப்பட்ட சிறு பொரிச்சல்களை விட்டுவிட்டோம்.

கடைசியாக 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டி, அவ்வளவுதான். ஈக்வலைசர், ஒலியளவு சமன்படுத்தல் எதுவும் இல்லை.

செலவும் அடுத்தமுறையும்

டர்ன்டேபிள், லேப்டாப், யுஎஸ்பி இண்டர்ஃபேஸ் ஏற்கெனவே இருந்தவை. புதிதாகச் செலவானது ஏறத்தாழ: கார்ட்ரிட்ஜ் 5,500 ரூபாய், கல்லும் ஓரம் மழுக்கியதும் 400, டியூப் 250, பிளைவுட் துண்டு 200, டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் 120, ஆல்கஹால் அரை லிட்டர் 280, தராசு 450, டி.டி.எஸ். மீட்டர் 250, கரி, உப்பு, நியான் விளக்கு, பிரஷ், துணி எல்லாம் சேர்த்து 350. கார்ட்ரிட்ஜ் நீங்கலாகப் பார்த்தால் 2,300 ரூபாய்க்குள் முடிகிறது. கூடவே மின்சார எர்த்தும் சரியாகியிருக்கிறது.

அடுத்தமுறை மாற்ற வேண்டியவை: பிளைவுட்டைச் சுற்றி 4 செ.மீ. உயர மரச்சட்டம் அடித்தால் டியூப் பக்கவாட்டில் நழுவாது. இப்போது கல் ஒருபுறமாகத் தவழ்கிறது. எர்த் குழியைக் கோடை தொடங்குமுன் பிப்ரவரியிலேயே நனைக்க வேண்டும். உள்வட்டப் பள்ளங்களுக்கு இதே கார்ட்ரிட்ஜின் உடலில் பொருந்தும், நுனி இன்னும் கூர்மையான மைக்ரோலைன் முள் போட்டால் ‘க்ரூன்’ கடைசி இரண்டு நிமிடத்தை 2.0 கிராமிலேயே எடுக்கலாம். அந்த முள் மட்டும் முழுக் கார்ட்ரிட்ஜை விட விலை அதிகம். கழுவிய தட்டை அன்றே பதிவு செய்ய வேண்டும். ஒரு வாரம் அலமாரியில் இருந்தாலே கல்பொடி திரும்ப ஏறிவிடுகிறது. பழைய காகித உறையைத் தூக்கிப்போட்டு, உள்ளே பிளாஸ்டிக் பூசிய உறை வாங்கிப் போடவும்.